இருபத்து நான்கு கேஜ்

கணபதியில் வெட்டி மடித்த தகரம்
குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியதுமே
தொட்டால் சுருக்கென்றது.
வேன் தலையில் கட்டிய எட்டுக் குழல்களும்
வளைவுக்கு வளைவு இருமிக்கொண்டு வந்தன.
ஒரு எல்போ போட்டால்
பத்தடி நேர்க்குழலின் இழுவை போச்சு,
காற்றுக்கு வளைவு ஆகாது.
இந்த ரோட்டைப் போட்டவனிடம்
அதை யாரும் சொல்லவில்லை.
பிண்டு மூன்று முறை வாந்தியெடுத்தான்.

டானிங்டன் இறக்கத்தில் போஜன் மெஸ்.
சுவர் இரண்டடிக் கருங்கல்.
காலையில் வைத்த உளி
மறுபக்கம் எட்டிப் பார்க்கச் சாயங்காலமானது.
அந்த ஓட்டை வழியாகப்
புகை வெளியே போகுமென்று பார்த்தோம்.
மேகம் உள்ளே வந்தது.
வந்து, அடுப்பு வரை நடந்து,
குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக்
காணாமல் போனது.

கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு.
இரவில் இங்கே ஆறு டிகிரி.
சாம்பார் ஆவி வெளிக்குழல்வரை போகும்,
சில்லிட்ட தகரத்தில் முட்டும்,
எண்ணெயும் தண்ணியுமாகப் பின்னால் வழிந்து
சோற்றுப் பானையில் சொட்டும்.
ஆகவே அடிக்குக் கால் இஞ்ச் வெளிப்பக்கச் சரிவு,
தாழ்ந்த முனையில் சுண்டுவிரல் தடிமனில் வடிகுழாய்,
மூட்டுக்கு மூட்டு சிலிக்கான்.
ரிவெட் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும்
யோகேஸ்வரி அக்காவின் கத்தி
வெங்காயத்தில் ஒரு கணம் நின்றது.

மூன்றாம் நாள் ப்ளோயரைப் போட்டோம்.
சோதிக்கக் கருவியெல்லாம் கிடையாது:
காய்ந்த தவாவில் ஒரு கைப்பிடி வரமிளகாய்.
கருகிற்று.
யாரும் இருமவில்லை.
போஜன் ஹூடுக்கு அடியில் தலையை நீட்டி
மூச்சை நன்றாக இழுத்து
பல் தெரியச் சிரித்தார்.

டீ குடித்து டூல்ஸ் எடுத்து வைக்கும்போது
அடுப்புக்குப் பின்னால் படுத்திருந்த பூனை எழுந்து
முதுகை வளைத்து
ஸ்டோர் ரூமுக்குப் போனது.
விடிகாலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள்
டீ வாங்கும் சாக்கில் கை காய்ச்சும் கதவோரம்
கல்லாய்க் குளிர்ந்து கிடந்தது.
அக்கா ஆணியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை உதறினாள்.
"பதினாறு வருசத்துல
இதை அடுப்பங்கரையில போட்டதே இல்ல தம்பி.
புகை போச்சு, சந்தோசம்.
சூட்டையுமா அள்ளிக்கிட்டுப் போவும்?"

நிமிடத்துக்கு இரண்டாயிரம் கன அடி
என்று கேட்லாக்கில் போட்டிருக்கிறது.
அதில் எவ்வளவு புகை
எவ்வளவு வெதுவெதுப்பு என்று
போட்டிருக்கவில்லை.

வேனில் மிச்சத் தகரம் ஒரு முழம் இருந்தது.
வெட்டி, குழலுக்குள் ஒரு இலை,
நடுவில் கம்பி,
வெளியே திருக ஒரு பிடி.
முழுக்க மூடிவிடாதீங்க,
கேஸ் அடுப்பு, மூச்சு முட்டும் என்று
இரண்டு தடவை சொல்லி
மூடாதபடி ஒரு திருகும் அடித்தேன்.
திறப்பு, முக்கால், பாதி என்று
மார்க்கரால் எழுதப் போனேன்.
அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள்.
மிளகாய் என்று முதல் கோடு.
சோறு என்று அடுத்தது.
கடைசிக் கோட்டருகே கொஞ்சம் யோசித்து
மார்கழி என்று எழுதினாள்.

பில்லில் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று தெரியாமல்
சேர்க்கவில்லை. முதலாளி இன்னும் கேட்கவுமில்லை.

பங்குனியில் போன் போட்டேன்,
ஃபில்டர் கழுவும் மாதம்.
மெஸ் இரைச்சலில் அவள் குரல்.
பிடி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.
"மார்கழியில."
இங்கே ஃபேனுக்கு அடியில் பனியன் நனைந்து உட்கார்ந்திருந்தேன்.
பங்குனி பிறந்து பத்து நாளாச்சே என்றேன்.
"அப்படியா?" என்றாள்,
"பிறந்தா சொல்லி அனுப்பு."